கேரம் மட்டும் −2 பேர்: வென்படக் கணக்கு இடறும் இடம்

கேள்வி இதுதான்: ஒரு விடுதியில் 150 மாணவர்கள். கபடி ஆடுவோர் 68, வாலிபால் ஆடுவோர் 74, கேரம் ஆடுவோர் 59. கபடியும் வாலிபாலும் ஆடுவோர் 31, வாலிபாலும் கேரமும் ஆடுவோர் 27, கபடியும் கேரமும் ஆடுவோர் 22. மூன்றும் ஆடுவோர் 12. கேரம் மட்டும் ஆடுவோர் எத்தனை பேர்? எதுவுமே ஆடாதவர் எத்தனை பேர்? “59-லிருந்து 27, 22, 12 மூன்றையும் கழித்தேன், −2 வருகிறது. புத்தகத்தில் விடை 22. எங்கே தப்பு?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கழித்தலில் தப்பு இல்லை. 27 என்ற எண்ணுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் கழித்துவிட்டீர்கள். வாலிபாலும் கேரமும் ஆடுகிற அந்த 27 பேரில், கூடவே கபடியும் ஆடுகிற 12 பேர் இருக்கிறார்கள். கபடியும் கேரமும் ஆடுகிற 22 பேரிலும் அதே 12 பேர் இருக்கிறார்கள். பிறகு அந்த 12 பேரைத் தனியாகவும் ஒருமுறை கழித்தீர்கள். ஆக, ஒருமுறை வெளியேற்ற வேண்டிய 12 பேரை மூன்று முறை வெளியேற்றியாயிற்று. கூடுதலாகப் போனது 24. −2-உடன் 24-ஐக் கூட்டிப் பாருங்கள், 22 வரும்.

உண்மையில் −2 வந்தது உங்கள் அதிர்ஷ்டம். இதே வழியில் கபடி மட்டும் ஆடுவோரைக் கேட்டிருந்தால் 68−31−22−12 = 3 என்று வந்திருக்கும். வாலிபாலுக்கு 4 வந்திருக்கும். இரண்டும் பார்க்க ஒழுங்கான எண்கள், யாருக்கும் சந்தேகம் வராது. சரியான விடைகள் 27, 28. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் போட்டித் தேர்வுகளில் இந்தத் தவறான 3-உம் 4-உம் பெரும்பாலும் அந்த நான்கில் ஒன்றாகவே கொடுக்கப்பட்டிருக்கும். கேள்வி எழுதுகிறவருக்கும் இந்தச் சறுக்கல் தெரியும்.

படத்தை எப்படிப் போடுவது என்று பார்ப்போம். முதலில் செவ்வகம். அதுதான் அனைத்துக் கணம் (கணம் என்றால் ஒரு தொகுப்பு), இங்கே 150 மாணவர்கள். பலர் நேராக வட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள்; செவ்வகம் இல்லாவிட்டால் எதுவுமே ஆடாதவர்களுக்கு உட்கார இடம் இருக்காது, கடைசியில் அவர்களை மறந்தே போவோம். செவ்வகத்துக்குள் ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்கள். இப்போது வட்டங்களுக்குள் ஏழு அறைகள், வெளியே ஒன்று, மொத்தம் எட்டு. ஒவ்வொரு மாணவரும் இந்த எட்டில் ஏதோ ஓர் அறையில்தான் இருப்பார், இரண்டில் இருக்க மாட்டார். வென்படத்தின் பலமே இதுதான். வட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தாலும் அறைகள் கலப்பதில்லை. ஆகவே அறைகளுக்குள் இருக்கும் எண்களைக் கவலைப்படாமல் கூட்டலாம்; வட்டங்களின் எண்களை அப்படிக் கூட்ட முடியாது.

68, 74, 59 ஆகியவை முழு வட்டத்தின் எண்கள். அவற்றை வட்டத்துக்கு உள்ளே எழுதாதீர்கள், வட்டத்தின் பெயரோடு சேர்த்து வெளியே எழுதுங்கள். 68-ஐக் கபடி வட்டத்தின் வெற்றிடத்தில் எழுதி வைத்தால், ஐந்து நிமிடம் கழித்து உங்கள் கண்ணே அதைக் ‘கபடி மட்டும்’ என்று படிக்கும்.

நிரப்புவது எப்போதும் நடுவிலிருந்து வெளியே. நடு அறையில் 12. அடுத்து, இரண்டு வட்டங்கள் மட்டும் சந்திக்கும் மூன்று இதழ்கள். கபடி–வாலிபால் இதழில் 31−12 = 19. வாலிபால்–கேரம் இதழில் 27−12 = 15. கபடி–கேரம் இதழில் 22−12 = 10. அதன்பிறகே தனி அறைகள்:

கபடி மட்டும்: 68 − (19 + 10 + 12) = 27
வாலிபால் மட்டும்: 74 − (19 + 15 + 12) = 28
கேரம் மட்டும்: 59 − (15 + 10 + 12) = 22

ஏழு அறைகளையும் கூட்டினால் 27+28+22+19+15+10+12 = 133. எதுவும் ஆடாதவர் 150−133 = 17.

விடையைச் சரிபார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று சூத்திரம்: 68+74+59 = 201; அதிலிருந்து 31+27+22 = 80-ஐக் கழித்தால் 121; 12-ஐக் கூட்டினால் 133. இன்னொன்று பலருக்குத் தெரியாது, ஆனால் எனக்கு இதுதான் பிடித்தது. ஒரே ஒரு விளையாட்டு ஆடுவோர் 77 பேர், சரியாக இரண்டு ஆடுவோர் 44 பேர், மூன்றும் ஆடுவோர் 12 பேர். ஒவ்வொருவரும் எத்தனை பெயர்ப் பட்டியலில் வருவார் என்று எண்ணுங்கள்: 77×1 + 44×2 + 12×3 = 77+88+36 = 201. மூன்று வட்டங்களின் கூட்டுத்தொகையும் 201. இது பொருந்தினால் நிரப்பியதில் பெரும்பாலும் பிழை இருக்காது. சூத்திரத்தில் போட்டுப் பார்ப்பதைவிட இது மேல், ஏனென்றால் இது கொடுத்த எண்களைத் திரும்பப் போடாமல் நீங்கள் கண்டுபிடித்த அறைகளைச் சோதிக்கிறது.

சூத்திரம் ஏன் ‘கூட்டு, கழி, மறுபடி கூட்டு’ என்று போகிறது? ஒரு மாணவரைப் பிடித்துக்கொண்டு அவரை மட்டும் எண்ணுங்கள். கபடி மட்டும் ஆடுகிறவர் முதல் கூட்டலில் ஒருமுறை வருவார், கழித்தலில் வரவே மாட்டார். கணக்கு 1. கபடியும் வாலிபாலும் ஆடுகிறவர் முதலில் இருமுறை வருவார், 31-ஐக் கழிக்கும்போது ஒருமுறை போவார். அவருக்கும் 1. மூன்றும் ஆடுகிறவர் மூன்று முறை வருவார், ஆனால் மூன்று ஜோடிகளிலும் அவர் பெயர் இருப்பதால் மூன்று முறையும் போய்விடுவார். கையில் 0. அவரைத் திரும்பச் சேர்க்கத்தான் கடைசியில் அந்த 12. நான்கு கணமானால் நான்கும் உள்ளவருக்கு 4−6+4−1 = 1. இதைப் புரிந்துகொண்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, கூட்டல் கழித்தல் குறிகளும் மாறிப்போகாது.

இனி மொழி. இந்தக் கணக்குகளில் போகும் மதிப்பெண்ணில் பாதி, கணக்கில் போவதில்லை. வாக்கியத்தைப் படிப்பதில் போகிறது. தமிழில் ‘-உம் -உம்’ என்று வந்தால் அது வெட்டு, அதாவது வட்டங்களுக்குப் பொதுவான பகுதி. “கபடியும் வாலிபாலும் ஆடுவோர் 31” என்றால் கேரமும் ஆடுகிறாரா என்று அந்த வாக்கியம் கேட்கவே இல்லை. ஆடினாலும் உள்ளே, ஆடாவிட்டாலும் உள்ளே. “கபடியும் வாலிபாலும் மட்டும் ஆடுவோர்” என்றால் அது இதழ், அதாவது 19. ‘-ஓ -ஓ’, ‘அல்லது’, ‘ஏதேனும் ஒன்று’ எல்லாம் சேர்ப்பு, அதாவது வட்டங்கள் எல்லாம் சேர்ந்த முழுப் பகுதி. பேச்சில் “காப்பியா டீயா” என்று கேட்டால் ஒன்றைத்தான் தருவார்கள். கணக்கில் ‘கபடி அல்லது வாலிபால்’ என்றால் இரண்டும் ஆடுவோரும் சேர்த்தி. ‘இரண்டையாவது’ என்றால் இரண்டோ அதற்கு மேலோ, இங்கே 44+12 = 56. ‘இரண்டே இரண்டு’, ‘சரியாக இரண்டு’ என்றால் 44. ‘இரண்டு விளையாட்டு ஆடுவோர்’ என்று மொட்டையாகக் கேட்டால் அது கேள்வியின் குறை. விடைத்தாளில் எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கணக்கைப் போடுங்கள்.

எதிர்மறை வந்தால் இன்னும் வழுக்கும். “கபடியும் வாலிபாலும் ஆடாதவர்” யார்? இரண்டில் எதையும் தொடாதவர் என்று எடுத்தால் 150 − (68+74−31) = 39. படத்தில் பார்த்தாலும் கேரம் மட்டும் 22, வெளியே 17, சேர்ந்து 39. ‘இரண்டையும் சேர்த்து ஆடுபவர் அல்லாதவர்’ என்று எடுத்தால் 150−31 = 119. ஒரே சொற்கள், 80 பேர் வித்தியாசம். டி மார்கன் விதிகள் என்று பள்ளியில் படிப்பது இந்த வேறுபாட்டைத்தான்: சேர்ப்பின் நிரப்பி (அதற்கு வெளியே மிஞ்சுவது) வேறு, வெட்டின் நிரப்பி வேறு. தேர்ச்சி–தோல்விக் கணக்குகள் இங்கேதான் ஆளைக் கவிழ்க்கும். கணக்கில் 60% பேரும் அறிவியலில் 70% பேரும் தேர்ச்சி, இரண்டிலும் தோற்றவர் 20%, இரண்டிலும் தேறியவர் 300 பேர், மொத்தம் எத்தனை என்பது வழக்கமான கேள்வி. 20% தோல்வி என்றால் ஏதேனும் ஒன்றில் தேறியவர் 80%; இரண்டிலும் தேறியவர் 60+70−80 = 50%; அது 300 பேர் என்பதால் மொத்தம் 600. ‘100−20 = 80% பேர் இரண்டிலும் தேறினார்கள்’ என்று எழுதினால் முடிந்தது கதை. ஒரு பாடத்தில் தேறி மற்றதில் தோற்றவர்களும் அந்த 80-இல்தான் இருக்கிறார்கள்.

கேள்வியே ‘மட்டும்’ என்ற சொல்லைத் தவறவிட்டிருந்தால் கண்டுபிடிக்க ஒரு வழி: மூன்றும் ஆடுவோர் எண்ணிக்கை எந்த ஜோடியின் எண்ணிக்கையையும் மீற முடியாது. கபடியும் கேரமும் 10, மூன்றும் 12 என்று கொடுத்திருந்தால், அந்த 10 இதழின் எண்ணாக மட்டுமே இருக்க முடியும். அதேபோல எட்டு அறையில் எதிலும் குறை எண் வரக்கூடாது. எப்படிப் படித்தாலும் குறை எண் வருகிறது என்றால் கேள்வித்தாளில்தான் அச்சுப்பிழை.

நடு எண் கொடுக்கப்படாவிட்டால்? மொத்தச் சேர்ப்பு 133 என்று தெரிந்தால் 133 = 201−80+நடு, நடு 12. எளிது. சேர்ப்பும் தெரியாவிட்டால் ஒரே விடை கிடையாது, வரம்புதான் சொல்லலாம். நம் எண்களில் நடு 22-ஐத் தாண்டாது, ஏனென்றால் சிறிய ஜோடி அதுதான். கீழே 0 வரை இறங்கலாம்: கேரம் மட்டும் 59−27−22 = 10, கபடி மட்டும் 68−31−22 = 15, வாலிபால் மட்டும் 74−31−27 = 16, எதுவும் குறை எண் ஆகவில்லை. ஆகவே ஏதேனும் ஒன்றாவது ஆடுவோர் 121-லிருந்து 143-க்குள். இங்கே “நடுவில் எண் சொல்லவில்லை, அப்படியானால் 0” என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. சொல்லவில்லை என்பதும் இல்லை என்பதும் வேறு வேறு.

‘குறைந்தது எத்தனை பேர் மூன்றும் வைத்திருப்பார்கள்’ என்ற வகைக் கேள்விக்கு வட்டமே போட வேண்டாம், இல்லாதவர்களை எண்ணுங்கள். 100 வீடுகளில் 85 வீட்டில் மிக்சி, 90 வீட்டில் டிவி, 80 வீட்டில் ஃபிரிட்ஜ் என்றால் மிக்சி இல்லாதவை 15, டிவி இல்லாதவை 10, ஃபிரிட்ஜ் இல்லாதவை 20. இவை எல்லாமே வெவ்வேறு வீடுகள் என்று வைத்துக்கொண்டாலும் ஏதோ ஒன்று குறைகிற வீடுகள் 45-க்கு மேல் போகாது. ஆக 55 வீட்டிலாவது மூன்றும் இருக்கும். அதிகபட்சம் 80.

எண்களை வைத்து வரும் கணக்கில் வெட்டை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும், அங்கே மீச்சிறு பொது மடங்கு நுழைகிறது. 1 முதல் 100 வரை 4-ஆலோ 6-ஆலோ வகுபடும் எண்கள் எத்தனை? 4-இன் மடங்குகள் 25, 6-இன் மடங்குகள் 16. இரண்டின் மடங்கும் என்றால் 24-இன் மடங்கு என்று பெருக்கிவிடுவார்கள். 12-உம் 36-உம் நழுவிப் போகும். சரியான வெட்டு 12-இன் மடங்குகள், எட்டு. விடை 25+16−8 = 33. 2, 3, 5 போல பொதுக் காரணி இல்லாத எண்களில் மட்டும் நேராகப் பெருக்கலாம். 1 முதல் 100 வரை இவற்றில் ஒன்றாலாவது வகுபடும் எண்கள்: 50+33+20−16−10−6+3 = 74.

வட்டங்கள் எப்போதும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 1582-இல் வந்த கிரெகோரியன் நாட்காட்டி இதற்கு நல்ல உதாரணம். 4-ஆல் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு, 100-ஆல் வகுபட்டால் இல்லை, 400-ஆல் வகுபட்டால் மறுபடி உண்டு. 400-இன் மடங்குகள் 100-இன் மடங்குகளுக்குள் அடக்கம், அவை 4-இன் மடங்குகளுக்குள் அடக்கம். வட்டத்துக்குள் வட்டத்துக்குள் வட்டம். 400 ஆண்டில் 100−4+1 = 97 லீப் ஆண்டுகள். 1900 லீப் ஆண்டு இல்லை, 2000 லீப் ஆண்டு. இப்படி இருக்கிற உறவை மட்டும் வரைவது கணித அறிஞர் ஆய்லர் வரைந்த வகை, 18-ஆம் நூற்றாண்டு. வென்படத்துக்குப் பெயர் தந்த ஜான் வென் 1880-இல் வெளியிட்ட கட்டுரையில் சொன்னது வேறு: முதலில் எல்லா அறைகளையும் வரைந்துவிடு, காலியானதைப் பிறகு குறித்துக்கொள். கணக்குப் போட வென் வழிதான் பத்திரம். ஓர் அறை காலி என்று தெரிந்தால் அதில் 0 எழுதுங்கள், அறையையே வரையாமல் விடாதீர்கள்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பாடநூலில் கணம், சேர்ப்பு, வெட்டு, வென்படம். இலங்கைப் பாடநூலில் தொடை, ஒன்றிப்பு, இடைவெட்டு, வென் வரிப்படம், அகிலத் தொடை. இணையத்தில் விளக்கம் தேடுகிறவர்கள் இரண்டு பெயரிலும் தேடிப் பாருங்கள். இலங்கைப் பழைய வினாத்தாள்களில் அருமையான கணக்குகள் கிடைக்கும்.

நான்காவதாகச் செஸ் வந்து சேர்ந்தால் வட்டம் போதாது. நான்கு கணத்துக்கு 16 அறை வேண்டும். நான்கு வட்டங்களை எப்படி வெட்டவிட்டாலும் வெளிப்புறத்தையும் சேர்த்து 14 அறைக்கு மேல் கிடைக்காது. எதிரெதிரே இருக்கும் இரண்டு வட்டங்கள் மட்டும் சந்திக்கும் அறைகள் காணாமல் போகும். அப்படிப் படம் போட்டால், அந்த அறையில் இருக்க வேண்டியவர்களை அறியாமலே வேறு அறையில் தள்ளிவிடுவீர்கள். வென்னே நான்குக்கு நீள்வட்டங்களைத்தான் பயன்படுத்தினார். நீள்வட்டம் வரைந்து நிரப்பப் பொறுமை இல்லாதவர்களுக்கு அட்டவணை மேல்.

கையில் உண்மையான பெயர்ப் பட்டியல் இருந்தால் எத்தனை கணமானாலும் அட்டவணைதான். எக்செல்லில் ஒரு வரிசைக்கு ஒருவர். கபடி, வாலிபால், கேரம் என்று மூன்று நிரல்கள். ஆடினால் 1, ஆடாவிட்டால் 0. நான்காவது நிரலில் மூன்றையும் & குறியால் ஒட்டுங்கள். 110 என்றால் கபடி–வாலிபால் இதழ், 001 என்றால் கேரம் மட்டும், 111 நடு, 000 வெளியே. அந்த நிரலுக்கு ஒரு பிவட் டேபிள் (ஒரே மாதிரி வரிசைகளைத் தொகுத்து எண்ணும் எக்செல் வசதி) போட்டால் எட்டு அறைகளும் எண்ணிக்கையோடு வந்து நிற்கும், கழித்தலே தேவையில்லை. அதற்கு முன் ஒரே ஆள் இரண்டு வரிசையில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பெயரை வைத்துப் பார்க்காதீர்கள். முதலெழுத்து ஒரு பட்டியலில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், மூன்றாவதில் இருக்கவே இருக்காது. சேர்க்கை எண்ணோ கைபேசி எண்ணோ வைத்துப் பாருங்கள். கைபேசி என்றால் முன்னால் இருக்கும் +91-ஐயும் நடுவில் உள்ள இடைவெளிகளையும் முதலில் நீக்குங்கள். ஆடாதவர்களுக்கு 0 போடச் சோம்பல்பட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டால், கபடியும் கேரமும் ஆடுகிறவருக்கும் 11, வாலிபாலும் கேரமும் ஆடுகிறவருக்கும் 11, கபடியும் வாலிபாலும் ஆடுகிறவருக்கும் 11 என்று ஒட்டிக்கொள்ளும். உங்கள் 19-உம் 15-உம் 10-உம் ஒரே 44 ஆகிவிடும்.